உறைந்த மண்ணும் குண்டுப் பெட்டியும்

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கராஜின் பின்சுவரோடு, பனிக்காலச் சக்கரங்களுக்குப் பக்கத்தில், ஒரு பிளைவூட் பெட்டி இருக்கிறது. அகலமும் உயரமும் இரண்டடி, ஆழம் ஓரடி. முன்பக்கத்தில் பலகை இல்லை. அங்கே ஒரு தடித்த அட்டையைச் செருகிவிடலாம். அட்டையின் நடுப்பகுதி சல்லடையாகிக் கிடக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் கராஜைக் கழுவும்போது அதை வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைப்பேன். எங்கள் வீட்டில் அதன் பெயர் குண்டுப் பெட்டி.

மகள் பதினோராம் வகுப்பில் படித்த குளிர்காலத்தில் செய்தது. அவள் காற்றுத் துப்பாக்கியால் இலக்குச் சுடும் கழகமொன்றில் சேர்ந்திருந்தாள். பத்து மீற்றர் தூரத்தில் ஒரு காகித வட்டம். அதன் நடுப்புள்ளி குண்டூசித் தலையளவு. தெரிவுப் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையில், கழகத்தின் கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து இடத்தைப் பூட்டிவிட்டார்கள். நகருக்குள் வீட்டில் வைத்துச் சுட விதி இடந்தராது. அவளுடைய பயிற்றுநர், நகருக்கு வடக்கே தம் பண்ணையில் வெறுமையாகக் கிடந்த கொட்டிலைத் தருவதாகச் சொன்னார். குண்டை வாங்கிக்கொள்ளும் பெட்டியை மட்டும் நாங்கள் கொண்டுவர வேண்டும்.

பெட்டி செய்வது எனக்குப் பெரிய காரியமில்லை. மனைவியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய காரியம். யாழ்ப்பாணத்தில் அவள் பள்ளிக்கூடம் போன வருடங்கள் வெடிச்சத்தத்தோடு போன வருடங்கள். இந்தப் பனி நாட்டுக்கு வந்து இவ்வளவு காலமாகியும், வாணவேடிக்கை நாளில் யன்னல்களைச் சாத்திவிட்டு, பேஸ்மென்டில் சலவை இயந்திரத்தை ஓடவிட்டு அதற்குப் பக்கத்தில் நிற்பாள். மகள் கழகத்தில் சேர்ந்ததை அவள் தடுக்கவில்லை. ஒருநாளும் போய்ப் பார்க்கவும் இல்லை.

"நானும் வருவன்," என்றாள். "காருக்குள்ளை இருப்பன். எனக்குச் சரியில்லை எண்டு பட்டா பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திடுவன். பிறகு உந்தப் போட்டிக் கதை வீட்டிலை இருக்கப்படாது."

முதலில், பெட்டிக்குள் ஓர் இரும்புத் தகட்டைச் சாய்வாகப் பொருத்தினேன். குண்டு தகட்டில் பட்டுக் கீழே விழுந்துவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கொட்டிலில் வைத்து மகள் முதல் குண்டைச் சுட்டாள். டங் என்றது. வெறுங்கொட்டிலில் அந்தச் சத்தம் தகரக் கூரைவரை போய்த் திரும்பியது. வெளியே கார்க் கதவு திறக்கும் ஓசை கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது மனைவி தொப்பி, கையுறை ஒன்றுமில்லாமல் பனிக்குள் நின்றாள்.

"சாமானை ஏத்துங்கோ," என்றாள்.

திரும்பி வரும் வழியில் பின்னிருக்கையிலிருந்து மகள் மெல்லச் சொன்னாள்: "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஏர். வெறும் காத்து."

"காத்து உப்பிடியே சத்தம் போடும்?"

மனைவி விறைத்த விரல்களைக் காரின் சூட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மனைவியின் தம்பி வந்தான். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன அத்தான் உது? கோயில் மணியே செய்திருக்கிறியள்? குண்டுக்கு மண்தானே. எங்கடை வளவுப் பங்கருக்கு இரும்பே போட்டனாங்கள்?"

அவன் சொல்லி முடிக்குமுன் நானும் மனைவியும் ஒத்துக்கொண்டுவிட்டோம். குண்டை எது நிறுத்தும் என்பதை நாங்கள் யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. பங்கர் என்ற பதுங்குகுழிக்குச் சாக்குச் சாக்காக மண் நிரப்பிய கைகள்தான் எல்லாம். மனைவிகூட, "ஓம், மண்ணெண்டாச் சத்தம் வராது. இன்னொருக்காப் பாப்பம்," என்றாள். வன்பொருள் கடை முற்றத்தில் பனிக்கடியில் அடுக்கிக் கிடந்த மண் பைகளை வாங்கிவந்து, தகட்டுக்கு முன்னால் நிரப்பினோம். பெட்டியைக் கொட்டிலுக்குள் தூக்கி வைத்தபோது மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உதைச் செய்தவருக்கு ஒரு சூனியம் வைக்கவேணும்," என்றான்.

முதல் நாள் நன்றாக நடந்தது. சத்தம் கேட்கவேயில்லை. மனைவி காருக்குள் வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்த வாரம் கடுங்குளிர் இறங்கியது.

மறுபடி போனபோது மகள் சுட்ட குண்டு திரும்பி வந்தது. எங்கோ ஒரு வாளியில் பட்டு, தரையில் உருண்டு, அவளுடைய சப்பாத்தடியில் நின்றது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"அப்பா, இட் கேம் பேக்!"

நான் திருப்புளியால் மண்ணைக் குத்திப் பார்த்தேன். சீமெந்துத் தரை போல இருந்தது. ஈர மண் முழுவதும் உறைந்திருந்தது. நிமிர்ந்தபோது வாசலில் மனைவி நின்றாள். தேத்தண்ணிப் போத்தலோடு வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"ஊரிலை மண் ஐஸாகிறேல்லையே, அக்கா," என்று மச்சான் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மகள் துப்பாக்கியை உறையில் வைக்கத் தொடங்கினாள். 'ஏத்துங்கோ' என்ற சொல்லுக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

அவள் கையுறையைக் கழற்றி, விரல் முட்டியால் அந்த மண்ணைத் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டுவதுபோல இரண்டு தரம்.

"எங்கடை டேகெயாரிலை ஊஞ்சலுக்குக் கீழை ரப்பர்த் துண்டுகள் போட்டிருக்கிறம்," என்றாள். அந்தக் குழந்தைகள் காப்பகத்தில்தான் அவள் வேலை செய்தாள். "எந்தக் குளிருக்கும் உறையாது. போன கிழமையும் ஒரு பெடியன் தலைகீழா விழுந்திட்டு, சிரிச்சுக்கொண்டு எழும்பினவன். அதைப் போட்டுப் பாருங்கோவன்."

மகள் துப்பாக்கியுறையின் சிப்பை இழுப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

தோட்டப் பொருட்கள் விற்கும் கடையில் அந்த ரப்பர் கிடைத்தது. மண்ணை உடைத்து அள்ளிக் கொட்டிவிட்டு, தகட்டுக்கு முன்னால் ரப்பரை இறுக அடைத்து, அட்டையைச் செருகினேன். அன்று மனைவி காரில் இருக்கவில்லை. மடக்குக் கதிரையை எடுத்துவந்து, மகளுக்குப் பின்னால் சுவரோரமாக இருந்தாள். இரண்டு கைகளாலும் தேத்தண்ணிக் கோப்பையை இறுகப் பிடித்திருந்தாள். மகள் சுட்டாள். தொப் என்றது.

"உவ்வளவுதானே?" என்றாள் மனைவி. சிறிது நேரம் கழித்து, "ஆரோ தலையணைக்கு அடிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள். கோப்பையைத் தரையில் வைத்தாள்.

அந்தக் குளிர்காலத்துச் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. பயிற்சி முடிந்தால் ரப்பரைச் சலித்து, நசுங்கிய ஈயக் குண்டுகளைப் பிரித்தெடுப்பது என் வேலை. ஒருதரம் வீட்டு அரிதட்டைக் கொண்டுபோனதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இனி உதிலை நீங்களே இடியப்ப மா அரிச்சுச் சாப்பிடுங்கோ!" அந்த அரிதட்டு இப்போதும் பெட்டிக்கு மேல்தான் கிடக்கிறது. போட்டியில் மகள் தெரிவாகவில்லை. திரும்பும்போது காரில் மனைவிதான் முதலில் பேசினாள்: "அந்தப் புள்ளியை இன்னும் கொஞ்சம் பெரிசாக் கீறினா அவைக்கு என்ன குறைஞ்சு போம்?"

இப்போது மகள் ஹலிஃபக்ஸில் வேலை பார்க்கிறாள். போன வாரம் தொலைபேசியில், டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வருவதாகவும், பழைய பயிற்றுநரின் கொட்டில் இன்னும் இருப்பதாகவும், ஒருநாள் போய்ச் சுட்டுப் பார்க்க ஆசை என்றும் சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டு மனைவி நேரே கராஜுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அவள் அட்டையை இழுத்து, கையுறை போட்ட கையால் ரப்பரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"பாதி தூளாப் போச்சுதப்பா. புதுசா ஒரு பை வாங்கவேணும்," என்றாள்.

"வாங்குவம்."

"அந்த மடக்குக் கதிரை எங்கை? இப்பவே எடுத்துக் காரிலை வையுங்கோ. பிறகு மறந்திடுவியள்."

நத்தாருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. கதிரை காரில்தான் இருக்கிறது.