மைக் செட் போட்டால் தண்ணீர் வரும்

போன ஞாயிறு அக்காவுக்கு வளைகாப்பு. வண்டலூர்ச் சொந்தங்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். மாடித் தொட்டியில்... சொட்டுத் தண்ணீர் இல்லை!

எங்கள் அஸ்தினாபுரத்தில் யாரும் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லை. "வோல்டேஜ் எப்படி?" என்றுதான் கேட்பார்கள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் பேசாமல் நிற்குமா? திணறித் திணறி அதிகக் கரண்ட்டை இழுத்து, சூடாகி, கருகும். எங்களுடையது அப்படிக் கருகி, இப்போதுதான் காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றி வந்திருக்கிறது. அதனால் ஒரு கட்-ஆஃப் பெட்டி பொருத்தினேன். அதன் மீட்டர் முள் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 'டக்' — மோட்டார் நின்றுவிடும்.

அன்று காலை முள் 210-ல் ஜம்மென்று நின்றது. ஸ்விட்சைப் போட்டேன். போர் தண்ணீரை மேலேற்றும் கம்ப்ரஸர் மோட்டார் தடதடத்தது. முள் சரிந்தது. டக்! காத்திருந்து மறுபடி போட்டேன். மறுபடியும் டக்!

"அந்தப் பொட்டியக் கழட்டுடி" என்றார் அப்பா.

"கழட்டினா இன்னிக்கு மட்டும்தாம்பா ஓடும்."

"இன்னிக்குத்தாண்டி வளைகாப்பு!"

"நான் எப்ப குளிக்கிறது? குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்னிக்கா?" — இது அக்கா.

அப்பாவை ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். எங்கள் மோட்டார் தடதடத்ததுதான் தாமதம்... எதிர்வீட்டு பால்ராஜ் சார் லுங்கியை மடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அடுத்த நொடி அங்கே தடதட. பக்கத்து வீட்டிலும் தடதட.

புரிந்துவிட்டது! மோட்டார் சத்தம் கேட்டால் வோல்டேஜ் வந்துவிட்டதாம். வந்துவிட்டதென்று எல்லோரும் போடுவதால்தான் அது போகிறது!

"சார், ஒரு அரை மணி பொறுத்துப் போடுங்களேன்..."

"இன்னாம்மா இது, வோல்டேஜ் உங்க வூட்டுச் சொத்தா?"

சத்தத்தை அமுக்க மோட்டார்மேல் சாக்கைப் போட்டு மூடலாம் என்றார் அப்பா. காற்றில்லாமல் அது இன்னும் சூடாகாதா? சுற்றிலும் பார்த்தேன். பந்தலில் வாடகை மைக் செட், பேட்டரியோடு தயாராக இருந்தது.

"மைக் செட் அண்ணா, நாதஸ்வர கேசட்டைப் போடுங்க. ஃபுல் வால்யூம்!"

நாதஸ்வரம் தெருவையே தூக்கியது. தவிலுக்கு நடுவே எங்கள் கம்ப்ரஸரும் ஒரு பக்கவாத்தியமாகத் தடதடத்தது. யாருக்கும் சந்தேகமில்லை. முள் அசையவில்லை. தொட்டி நிரம்பியது, அக்கா குளித்தாள், கை நிறைய வளையல் குலுங்கியது.

சாப்பிட வந்த பால்ராஜ் சார், தொட்டி நிரம்பி வழிந்து ஈரம் காயாத எங்கள் வழிகுழாயைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"அடிப்பாவி! பாட்டு போட்டுக்கினு மோட்டாரா?"

சிரித்தபடியே இன்னொரு கரண்டி புளியோதரை வாங்கிக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று அக்கா கேட்டாளே என்று ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். முதல் பாட்டின் பல்லவிகூட முடியவில்லை... தெரு முழுக்கத் தடதட, எங்கள் முள் தரையில்!