இடக்கைக்காரனின் இரண்டு விரல்கள்

"பிள்ளை, உவங்கள் பந்து எறியிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கோ கம்பஸுக்குப் போறாய்? உதால சோறு வருமோ?"

1997ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒன்ராறியோவின் வோபர்னில், நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்டுக்கு மேல் வீட்டில் இருந்த அங்கிள் கேட்ட கேள்வி இது. "சோறு நான் காய்ச்சுவன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். அம்மா, அப்பா, அண்ணா எவரும் பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை. அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவளுக்கு அவ்வளவு வாய் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மனித உடம்பின் அசைவுகளைப் பற்றிய படிப்பு என்னுடையது. பகுதிநேர வேலையாக எங்கள் பல்கலைக்கழக பேஸ்போல் அணியில் பந்தின் வேகம் அளந்தேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. துடுப்பாட்டக்காரனுக்குப் பின்னால் இருக்கும் வலைக்கு அப்பால் நின்று, எறிபவனை நோக்கி அதைப் பிடிக்க வேண்டும். பேஸ்போலைப் பற்றி அதற்கு முன் எனக்கு ஒன்றும் தெரியாது. அணியில் இருந்தவர்களுக்கும் என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, கேட்கவும் இல்லை. சில நாட்களில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வரும்வரை பஸ் சாரதிக்குச் சொன்ன நன்றியைத் தவிர வேறொன்றும் பேசியிருக்க மாட்டேன்.

ஒருவன் மட்டும் என் பெயரைச் சரியாகச் சொல்லிக் காலை வணக்கம் சொல்வான். ஒன்ராறியோவின் வடக்கிலிருந்து வந்தவன். இடக்கையால் எறிபவன். பேஸ்போலில் நல்ல இடக்கைக்காரன் கிடைப்பது அரிது, அதனால் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் அப்படிப்பட்டவர்களைத் தேடித் திரியும். அந்த ஒக்டோபரில் அப்படி ஓர் அணிக்காக ஆள் தேடுகிற ஒருவர் அவனைப் பார்க்கவென்றே வந்து, என் பக்கத்தில் மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். கைதட்டவில்லை, புள்ளிப் பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெற்றி தோல்வியைப் பற்றி உங்களுக்கு அக்கறை இல்லையா என்று கேட்டேன்.

"இண்டைக்கு அவன் என்ன எண்டு எல்லாரும் பாக்கலாம். நாலு வருசம் கழிச்சு அவன் என்ன எண்டு சொல்லத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னதுதான். எனக்கு அது இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

அன்று அவன் அற்புதமாக எறிந்தான். ஆட்டம் பாதியைத் தாண்டியும் எதிரணியில் ஒருவராலும் அவன் பந்தை அடித்து ஓட முடியவில்லை. குளிரில் எங்கள் மூச்சு புகையாகப் போனது, ஆனால் என் கருவியில் அவன் வேகம் குறையவே இல்லை.

எங்கள் அணி துடுப்பாடும் முறை வந்தபோது கை சூடாக்கிக்கொள்ள வீரர்கள் இருந்த பக்கம் போனேன். நீண்ட பெஞ்சின் ஒரு நுனியில் அவன் தனியாக இருந்தான். மற்ற எல்லோரும் மறு நுனியில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. பெஞ்சின் நுனியில் தனியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நேரே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னும் ஒருத்தராலயும் உன்ர பந்தை அடிக்க ஏலாமல் கிடக்கு" என்று உற்சாகமாகச் சொல்லி, தேத்தண்ணி குடிக்க என் பிளாஸ்கை நீட்டினேன்.

மறு நுனியில் பேச்சு நின்றுவிட்டது. அவன் மட்டும் சிரித்தான்.

பிளாஸ்கின் மூடியை இடக்கையால் திருகினான். திறக்கவில்லை. மறுபடி திருகினான். மோதிர விரலும் சின்ன விரலும் மூடியில் பிடிபடாமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு வலக்கையால் திறந்தான். "குளிர்" என்றான்.

குளிர் என்றால் எல்லா விரலும் மரத்திருக்கும். அந்த இரண்டு விரலுக்கும் போகிற நரம்பு முழங்கையின் உட்பக்கமாகப் போகிறது என்று போன மாதம்தான் படித்திருந்தேன். முழங்கை நோகிறதா என்று மெதுவாகக் கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போனான்.

அடுத்த சுற்றில் முதல் ஆளே அவன் பந்தை அடித்துவிட்டான். ஆட்டத்தில் வென்றோம். இருந்தும் அவன் எறியும் பந்தைப் பிடிக்கிறவன் என்னிடம் நேரே வந்தான். எறிகிறவன் அப்படி ஒருவரையும் அடிக்கவிடாமல் வைத்திருக்கும்போது அவனோடு பேசக்கூடாது, அதைப் பற்றி மூச்சும் விடக்கூடாது, அது இந்த விளையாட்டின் வழக்கம் என்றான். "உனக்கு இதுகூடத் தெரியாதோ? வேற இடத்தில போய்த் தேத்தண்ணி ஊத்தியிருக்கலாமே." மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் அவனை ஒதுக்கவில்லை. காவல் காத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் தனிமை என்று நினைத்துப் போயிருக்கிறேன்.

ஆள் தேடுபவர் கதிரையை மடக்கிக்கொண்டு, அவனை எடுக்கச் சொல்லித் தன் அணிக்கு அன்றைக்கே அறிவிக்கப் போவதாகச் சொன்னார். பிறகு, "நீ பக்கத்தில போய் இருந்தனி. ஆள் எப்பிடி?" என்று கேட்டார். தூரத்தில் அவன் சப்பாத்தைக் கழற்றியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்லாய் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். அவனுடைய அப்பா வடக்கில் மரம் வெட்டுகிறவர், இந்த வாய்ப்புக்காகவே வீடு காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அணியில் என் பெயர் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். ஆனால் நாலு வருடம் அல்ல, நாலு ஆட்டம்கூட அந்தக் கை தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு விரல்களில் நான் கண்டதை அப்படியே சொன்னேன்.

அவர் நடந்து போய் அவன் முழங்கையின் உட்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினார். அவன் முகம் கோணியது இங்கே நின்ற எனக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து வீரர்களில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. காலை வணக்கமும் நின்றுபோனது. குளிர்காலத்தில் அவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்ச நாள் எறிந்திருந்தால் கையைத் திரும்பப் பெற்றிருக்க முடியாது என்று வைத்தியர் சொன்னதாகப் பயிற்சியாளர் சொன்னார். மாசியில் வழியில் கண்டேன். கையில் கட்டோடு என்னைக் கடந்து போனான். அவன் என்னை மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் அன்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அழுதேன்.

பங்குனியில் ஒருநாள் அண்ணா சொன்னார்: "ஆரோ ஒரு வெள்ளைக்காரன் ஃபோன் எடுத்தவன். உனக்குப் பந்து பாக்கத் தெரியுமாம். எனக்கு விளங்கேல்லை, ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அண்ணா எதற்கு ஓம் சொன்னார் என்பது நான் திரும்ப அழைத்தபோதுதான் தெரிந்தது. ஃபோன் எடுத்தவர் அந்த ஆள் தேடுபவர்தான்; தன்னால் போக முடியாத ஊர்களில் வார இறுதிகளில் நான் அவருக்காக ஆட்டம் பார்க்க வேண்டுமாம். உண்மையைச் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை நான் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதைச் சொன்னவள் நான்தான் என்பதில் இன்றும் எனக்குப் பெருமை. அந்தச் சனிக்கிழமையே முதல் ஆட்டம் பார்க்க வின்ட்சருக்கு பஸ் ரிக்கற் எடுத்தேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது.