பதில் வராத பெயர்

நாகப்பண்ணன் இறந்த சேதி எனக்கு ஆரம்பாக்கத்துக் கரையில் வந்தது. வலைக்கு நூல் வாங்கிக்கொண்டு படகுக்காக நின்றிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து வந்த படகுக்காரன் படகைக் கட்டுவதற்கு முன்பே சொன்னான்: "நாகப்பண்ணன் பூட்டாரு. காய்ச்சல் எறங்கவே இல்ல." நான் உடனே படகில் ஏறவில்லை. அந்த ஊரிலேயே இருக்கும் அஞ்சலையிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் ஒரு காலத்தில் அவருடைய தம்பி கோவிந்தனின் மனைவி.

எங்கள் வலைக்கூட்டத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவரோடு பழகிய குப்பத்தாருக்காக இதை எழுதுகிறேன். நல்லவர் என்று நீங்களே சொல்வீர்கள். மகா பிடிவாதக்காரர் என்பதை நான் சொல்லிவிடுகிறேன். கோட்டையிலிருக்கும் ஒல்லாந்தர் பெரிய மீன்தான் வேண்டும் என்று ஆளனுப்பினால், "ஏரிய வந்து கேக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்.

நம் ஆட்கள் சேற்றில் வரிசையாக நடக்கும் முறை உங்களுக்குத் தெரியும். முன்னால் போகிறவர் காலால் தரையைத் தடவிக்கொண்டே போவார், திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் யாரும் பள்ளத்தில் இறங்கிவிடவில்லை என்று அறிய ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அவரவர் "கீறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். "செத்தாலும் சொல்லிட்டு சாவுங்கடா" என்பார் அண்ணன். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு "கோவிந்தா" என்று ஒரு முறை கூப்பிட்டு, பதில் வரும் நேரம் வரை நின்று, அப்புறம் நடப்பார்.

கோவிந்தன் பஞ்சத்தில் கப்பலேறிப் போனவன். சோறு கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனான். பிறகு தகவலே இல்லை. அண்ணன் கூப்பிடும்வரை அவன் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. ஆரம்பாக்கத்து ஆள் ஒருவர் அஞ்சலையைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தபோது, "எந் தம்பி பொண்டாட்டிய இன்னான்னு கேக்கற?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அஞ்சலை உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

அதே வருஷம் பங்குனியில் மணல்திட்டில் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தோம். அன்று வலை போடும் முறை வேறு கூட்டத்தாருடையது. முகத்துவாரம் அடைபட்டுவிட்டதா என்று பார்த்து வரலாம் என்று கிளம்பினோம். இளவெயில், நல்ல காற்று. தண்ணீர் வற்றிய இடங்களில் பூநாரைகள் மேய்ந்தன. சிரித்துப் பேசிக்கொண்டு போனோம். வரிசையின் கடைசியில் அஞ்சலை கஞ்சிப் பானையோடு வந்தாள். வெயில் ஏறி, நீரும் வானமும் ஒன்றாகக் கண்ணைக் கூச வைத்தபோது சேற்றில் இறங்கினோம். அண்ணன் பெயர்களைக் கூப்பிட்டார். கடைசியாக, "கோவிந்தா."

"கீறேன்" என்று பதில் வந்தது.

தாழ்ந்த குரல். ஆணா பெண்ணா என்று எனக்கே பிடிபடவில்லை. அண்ணனுக்கு அடுத்து நின்றவன் நான். அவர் முதுகு நடுங்கியதைப் பார்த்தேன். அப்போதும் அவர் திரும்பவில்லை. வெகு மெதுவாக, "சாப்டியாடா?" என்று கேட்டார்.

அஞ்சலை வாய்விட்டு அழுதாள். "நான்தான் மாமா சொன்னேன். நீங்க கூப்புட கூப்புட நானும் காத்துகினே கீறேன். அது வராது மாமா. என்ன வுட்ருங்க."

அவர் முகத்துவாரம் வரைக்கும் நடந்தார். கடலில் இறங்கித் தலை முழுகினார். ஈரத் துணியோடு வந்து அவள் முன்னால் நின்று, "ஆரம்பாக்கத்தானுக்கு நானே சொல்லி அனுப்பறேன்" என்றார். திரும்பும்போது எங்கள் பெயர்களோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் கடைசிப் பெயருக்குப் பிறகு அவர் கால் ஒரு கணம் நிற்கும். சாகும்வரை நின்றது. பின்னால் வந்த நாங்களும் நிற்போம்.

ஆரம்பாக்கத்தில் நான் சேதியைச் சொன்னதும் அஞ்சலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே யாரு முன்னால நடப்பாங்க?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "மாமா பேர கூப்புடுங்க. செத்தவங்க பேர கூப்புட்டா யாரையும் கட்டிப் போடாது" என்றாள்.

காரியம் முடிந்து நேற்று சேற்றில் இறங்கினோம். எல்லார் பெயரையும் கூப்பிட்டுவிட்டு "நாகப்பண்ணா" என்றேன். நின்றேன். பின்னால் ஒரு சத்தம் இல்லை. பதில் வராத இடத்தில் நின்றால் முதுகு எப்படிக் கூசுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தனை வருஷம் அவர் அந்த முதுகோடு நடந்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு கணம்தான். முன்னால் போகிறவன் திரும்பக் கூடாது என்பது நம் முறை. அப்படி ஒரு முறை இல்லாவிட்டாலும் நேற்று நான் திரும்பியிருக்க மாட்டேன்.