மூன்று சுற்றும் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரும்

ரேணுகாம்பாள் ஓட ஆரம்பித்தது பஸ்ஸைத் துரத்தித்தான்.

அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். நான் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். எண்பத்திரண்டில் சத்துணவு வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே டவுன் பஸ். நான் ஸ்டாண்டிலேயே ஏறிவிடுவேன். அவள் தெருமுனையில் நிற்பாள். அங்கே பஸ் நிற்க வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விஷயம். ரோட்டில் அது நடக்கவில்லை. கையில் கீரைக்கட்டும் கத்தரிக்காய்ப் பையுமாக ஒருத்தி நிற்பதைப் பார்த்தால் டிரைவருக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வந்துவிடும்.

ஒரு நாள் அவள் பஸ்ஸின் பின்னால் ஓட ஆரம்பித்தாள். ரமணாசிரமத்தில் யாரோ இறங்குவதற்காக பஸ் நின்றபோது வந்து சேர்ந்தாள். கண்டக்டர் பெரிய மனது பண்ணி, "ஏறும்மா" என்றார்.

"நீ போய்யா. எனக்குக் கால் கீது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைத் தாண்டி ஓடினாள்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை. எனக்கு அரை மணி நேரம் கழித்து வந்து உலை வைத்தாள். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரைக்குச் சோறு தயாராக இருந்தது.

அதற்கப்புறம் அவள் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. காலையில் செங்கம் ரோடு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவாள். சாயங்காலம் குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் வழியாக வீட்டுக்கு ஓடுவாள். ஆக, தினம் மலைக்கு ஒரு சுற்று. மலை எப்போதும் வலது கைப்பக்கம். ஓடுவது எப்போதும் ரோட்டின் இடது ஓரம். மலையடி ஓரம் சித்தர்கள் நடக்கிற இடமாயிற்றே, அதில் மனிதர்கள் போவதில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சோற்றை வலது கையால் சாப்பிடுகிற மாதிரி அது.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. எண்பத்தாறு நவம்பரில் ஒரு நாள் பேப்பரில் ஒரு செய்தியைப் பார்த்து அவளைச் சீண்டுவதற்காக வாசித்துக் காட்டினேன். ஜனவரி கடைசி ஞாயிறு, மெட்ராஸில் ஒரு சங்கம் மராத்தான் நடத்துகிறது, பெண்களும் ஓடலாம் என்று இருந்தது.

"எவ்ளோ தூரம் சார்?"

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர்."

பருப்பைக் கடைந்துகொண்டே கணக்குப் போட்டாள். "மலை பதினாலு. மூணு சுத்து. சரி, அந்த நூத்திச் சொச்சம் இன்னாத்துக்கு?"

"தெரியலைம்மா. அப்படித்தான் வெச்சிருக்காங்க."

"கோபுரத்துலேர்ந்து எங்க ஊட்டுக்கு அவ்ளோதான் இருக்கும்" என்றாள். மறுநாள் என்னிடமே அந்தச் சங்கத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஃபாரம் வரவழைத்தாள்.

ஃபாரத்தில் வீட்டார் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டார் என்றால் புருஷன் பரசுராமன். தேரடித் தெருவில் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற வேலை. குடத்திலும் தட்டிலும் சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி எழுத்து வெட்டுவார். நல்ல மனிதர், நாலு பேர் வாய்க்குப் பயந்த மனிதர். அந்த நாலு பேரில் முதல் ஆள் பக்கத்து வீட்டு ராணியம்மாள். கோபுர வாசலில் கற்பூரக் கடை வைத்திருந்தாள். அவள் கடையில் கற்பூரத்தை விடச் சீக்கிரம் பற்றிக்கொள்வது பேச்சுதான்.

ஃபாரம் வந்த அன்று சாயங்காலமே வாசலில் வந்து நின்றாள். "ஏம்பா பரசு, உன் பொண்டாட்டி மெட்ராசுக்குப் போயி பைஜாமா போட்டுக்கினு ஓடப்போறாளாமே? நீதான் கையெழுத்துப் போடப்போறியா?"

தெருவே பார்த்தது. பரசுராமனுக்கு முகம் செத்துவிட்டது. ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல், "ஜனவரி நாலு ஞாயித்துக்கெழம மூணு சுத்து நிக்காம ஓடிக் காட்டட்டும். போடறேன். முடியலன்னா அந்த ஃபாரத்த அவளே கிழிச்சுப் போட்டுடணும். அப்பறம் ஓட்டம்ன்ற பேச்சே இந்த ஊட்ல இருக்கக் கூடாது" என்று உளறினார்.

உள்ளே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள். "சரி. சாட்சிக்கு நீயும் வந்து நில்லு, ராணிக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சுற்று ஓட ஆரம்பித்தாள். தீபம் ஏற்றி, மலை உச்சியில் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், இரண்டாவது சுற்றில் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இடது முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. கத்தியை வைத்துத் திருகுகிற மாதிரி இருந்தது என்றாள். நொண்டிக்கொண்டே வீடு வந்தாள். இரண்டு நாள் விட்டு ஓடினால் மூன்றாவது மைலில் மறுபடியும் அதே இடம். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் காலை ஊன்றாதே, இந்த வயதில் உனக்கு எதற்கு இதெல்லாம் என்றார். அவளுக்கு அப்போது முப்பத்து நாலு. ஜனவரி நாலு வர இருபது நாள்கூட இல்லை.

"விட்டுடும்மா. நாலு வருஷம் ஓடினதே பெருசு" என்று நான் சொன்னேன்.

"நீங்க பஸ்லயே வாங்க சார்" என்றாள். எனக்கு அது போதும்.

அவளுடைய சிநேகிதி ரஹமத்துன்னிசா. இரண்டு பேரும் ஒன்றாகப் பத்தாவது வரை படித்தவர்கள். ரஹமத் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். ஓடுவதற்கான பைஜாமாவைத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். காலைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், வாசலில் கிடந்த கேன்வாஸ் ஷூவைக் கையில் எடுத்தாள். இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தாள். வலது ஷூ நன்றாக இருந்தது. இடது ஷூவில் வெளி ஓரம் தேய்ந்து துணி தெரிந்தது.

"அட, எங்க ஊட்டு குதிரை மாதிரியே கீதே!" என்றாள். அவள் அப்பா காலத்தில் அவர்களுக்கு ஸ்டேஷன் ஜட்கா ஓடியது. "ரோடு நடுவுல மேடு ரேணு, ஓரம் ரெண்டும் சரிவு. தண்ணி வடியறதுக்கு அப்படித்தான் போடறாங்க. எப்பப் பாரு இடது ஓரமாவே ஓடினா, இடது காலு பள்ளத்துலயே வுழுது. குதிரைக்கு லாடம் ஒரு பக்கமாத் தேயும். அப்பறம் நொண்டும். வாப்பா இன்னா பண்ணுவாரு, சவாரி எறக்கிட்டுக் காலியா திரும்பறப்ப அதே ஓரத்துலயே எதுத்தாப்ல ஓட்டிக்கினு வருவாரு. சரிவு இந்தக் காலுக்கு மாறிடும். நாலு நாள்ல நொண்டல் கம்மியாயிடும்."

"மலையோரமா ஓடினா?"

"அங்க தார் எங்க கீது? கல்லும் முள்ளும். திருப்பி ஓடு."

ரேணுகாம்பாள் திரும்பி மலையைப் பார்த்தாள். ரஹமத்தே சொன்னாள்: "உங்க வழக்கம் தெரியாமச் சொல்லல. நானும் இதே ஊர்லதான் பொறந்தேன். தெரிஞ்சுதான் சொல்றேன். காலுக்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது."

யோசித்துப் பாருங்கள். நாலு வருஷத்தில் ஆயிரம் சுற்றுக்குக் குறையாது. ஒரு தடவைகூடத் திரும்பி ஓடலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டருக்குத் தோன்றவில்லை. பேப்பர் படிக்கிற எனக்கும் தோன்றவில்லை. இந்த ஊர்க்காரன் செய்கிற தப்பு இது. மலை என்றால் வலம்தான். இடமாகச் சுற்றுவது பிணத்துக்கு.

அவளும் பயந்தாள். அதை மறைக்க மாட்டேன். காலுக்கு ஓய்வு கொடுத்த சாக்கில் நாலு நாள் வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். ஐந்தாம் நாள் விடியற்காலை கோபுர வாசலில் நெற்றிக்கு விபூதி இட்டுக்கொண்டு, வடக்குப் பக்கம் திரும்பி ஓடினாள். எடுத்த எடுப்பில் ஈசானிய லிங்கம், பக்கத்திலேயே சுடுகாடு.

சுற்றுக்கு வந்தவர்கள் எல்லாம் எதிரே வந்தார்கள். சிலர் ரோட்டைக் கடந்து விலகினார்கள். ஒருவர் காறித் துப்பினார். ஒரு கிழவர், "அடியே, திரும்புடி!" என்று கைத்தடியை ஆட்டினார். அவள் திரும்பவில்லை. அந்த வாரக் கடைசியில் என்னிடம் சொன்னாள்: "நாலு வருசமா என் முதுகைத்தான் சார் பாத்தாங்க. இப்ப மூஞ்சியப் பாக்கறாங்க. நானும் அவங்க மூஞ்சியப் பாக்கறேன். அத்தினியும் பயந்த மூஞ்சி சார்."

முழங்கால் வலி குறைந்தது. ஊர் வாய்தான் ஜாஸ்தியானது. இப்படிச் சுற்றினால் தாலிக்கு ஆகாது என்று ராணியம்மாள் கற்பூரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சொன்ன வேளை, பரசுராமனுக்குக் காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான். தெருவே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. மனிதர் போர்வைக்குள்ளிருந்து, "எனக்கு எதனா ஆயிடுச்சுன்னா இன்னா பண்ணுவே?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

"கொசு கடிச்ச ஜுரத்துக்கு மலை இன்னா பண்ணும்? கஞ்சியக் குடி" என்று டம்ளரை நீட்டினாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. விட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை. வந்ததுதான் மலையின் கோபம், போனது மாத்திரையாம். இந்த மாதிரி நியாயத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

ஜனவரி நாலு. மார்கழிப் பனி. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மாவுக் கையோடு எழுந்து நின்று பார்த்தார்கள். ராணியம்மாள் கடையை அன்றைக்குச் சீக்கிரமே திறந்திருந்தாள். பரசுராமன் மப்ளர் கட்டிக்கொண்டு கோபுர வாசலில் நின்றார். கடிகாரம் என் கையில். எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீர்ச் சொம்பு ரஹமத் கையில். ஐந்து மணிக்கு ரேணுகாம்பாள் புறப்பட்டாள்.

முதல் சுற்று வலம். ஆறே முக்காலுக்குள் வந்துவிட்டாள். ஓடிக்கொண்டே சொம்பை வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்படியே திரும்பி, வந்த வழியிலேயே ஓடினாள். இரண்டாவது சுற்று இடம். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. ராணியம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டரைக்கு மேல் செங்கம் ரோட்டுப் பக்கமிருந்து வந்தாள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் திரும்பி வலம். மூன்றாவது சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று என் கடிகாரத்துக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு நாள் மாதிரி இருந்தது. பத்தரை தாண்டியும் காணோம். பரசுராமன் மப்ளரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பத்தே முக்காலுக்கு வடக்குப் பக்கம் கூட்டம் விலகியது. உதடு வெளுத்து, இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் ஓடித்தான் வந்தாள். அதை நடை என்று சொல்லுகிறவன் பொய் சொல்லுகிறான்.

ராணியம்மாள் கடையை விட்டு இறங்கி நடுவில் வந்து கையைத் தூக்கினாள். "நில்லு. எல்லாரும் கேட்டுக்கோங்க. மொதல் சுத்து வலம், ஒண்ணு. ரெண்டாவது எடம். வலத்துல சுத்துனது எடத்துல அவுந்து போச்சு. மூணாவது வலம், ஒண்ணு. மிச்சம் நிக்கறது ஒரே சுத்து. மூணு எங்க?"

கூட்டம் தலையை ஆட்டியது. சரிதானே என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. நானும் இந்த ஊர்க்காரன்தானே. எல்லாரும் பரசுராமனைப் பார்த்தார்கள். அவர் மப்ளர் நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ரேணுகாம்பாள் நிற்கவில்லை. அதே இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கச் சொன்னாள்: "கழிக்கறதா இருந்தா என் புண்ணியத்துல கழிச்சுக்கோ, ராணிக்கா. என் கால்ல கழிக்க முடியாது."

ராணியம்மாள் தூக்கிய கையை இறக்கவில்லை.

"வழி உடுங்க. இன்னும் நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர் கீது."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருவுக்குள் ஓடினாள். நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். முதலில் அசைந்தது பரசுராமன். ரஹமத் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொண்டாட்டிக்குப் பின்னால் ஓடினார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். பக்கத்தில் ஃபாரம், கையெழுத்தோடு. பரசுராமன் படியில் உட்கார்ந்து, சொம்பை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, உளியால் தட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைப்பில் எழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. ராணியம்மாள் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ரேணுகாம்பாள், மூன்று சுற்று, 4.1.87.

"மூணுன்னு வெட்டறியே பரசு? ஒண்ணுதானேப்பா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெட்டிட்டேன்க்கா. வெட்டினத அழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே 195 என்று வெட்ட ஆரம்பித்தார்.