அப்பாவுக்கு அடித்த மணி

எனக்கு எண்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றவை, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. ஐந்து பேருக்கும் கையெழுத்து அழகு. எனக்கு அப்படியில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரி எழுதி, அதைச் சரிபார்த்து, பிறகுதான் அடுத்த வரிக்குப் போவேன். அவசரக்காரர்கள் வேறு ஏதாவது வாசிக்கலாம்.

எழுத வைத்தவள் பேத்தி. லண்டனில், ஹவுன்ஸ்லோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளுக்கும் மருமகனுக்கும் விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் நானும் பேத்தியும்தான். அவள் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் வாதாடிய கூட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டாள். பாடத்துக்கு வேண்டுமாம்.

அது நாங்கள் பிறந்த நாடும் இல்லை, இருக்கிற நாடும் இல்லை. ஆனாலும் கீரை ஆய்ந்தபடி முழுவதையும் பார்த்தேன். எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். கல்யாண வீட்டில் படம் எடுக்க நிற்பவர்களைப் போல முதலில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். பிறகு, 'என் அருமை நண்பர்' என்று தொடங்கி, வசனம் முடிவதற்குள் அந்த நண்பரின் தோலை உரித்தார்கள்.

"எல்லாரும் ஒரே பார்ட்டி எண்டாய். பிறகேன் இந்தச் சண்டை?"

"ஒரே பார்ட்டிதான் அம்மம்மா. ஆனா எலக்‌ஷனுக்கு ஒராள்தான் நிக்கலாம். அதுக்குத்தான் இந்த டிபேட்."

ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். ஒருவரும் நிறுத்தவில்லை. மணி அடிக்க அடிக்கக் குரலை உயர்த்தினார்கள். நடுவில் நின்றவர் முகத்தில் மொய்க்கும் இலையானைக் கலைப்பதுபோலக் கையை வீசிவிட்டுத் தொடர்ந்தார். கடைசி ஓரத்தில் நின்ற மனிதர் மட்டும் மணி கேட்டதும் பாதி வசனத்தில் வாயை மூடிக்கொண்டார்.

"நான் எண்டால் இவருக்குத்தான் போடுவன்," என்றேன்.

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மம்மா, அவர் வெல்லவே மாட்டார். அடுத்த டிபேட்டுக்கே அவரைக் கூப்பிடமாட்டினம்."

"தெரியும். எண்டாலும் அவருக்குத்தான்."

"ஏன்?"

அந்த ஏனுக்குப் பதில் சொல்ல நான் என் ஒன்பதாவது வயதுக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு எங்கள் ஊரில் கிராமச் சங்கத் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் நிற்கப் போவதாகச் சொன்னார்கள். ஒருவர் என் அப்பா. மற்றவர் அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா. இருவரும் நின்றால் வாக்குப் பிரிந்து எதிர்ப்பக்கத்தான் வென்றுவிடுவான். ஆகவே ஒருவரைத் தெரிவு செய்ய வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடப் பேச்சு, முடிந்ததும் மணி, பிறகு கை உயர்த்தல். ஆண்கள் உள்ளே நீள வாங்கில்களில் இருந்தார்கள், பெண்கள் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள். ஜன்னலோரக் கைகளுக்குக் கணக்கில்லை. புருஷனா அண்ணனா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

மணி அடிக்க யார் என்பதில் சிக்கல் வந்தது. யாரைச் சொன்னாலும் மற்றப் பக்கம் நம்பவில்லை. தலைமை தாங்கிய பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் கடைசியில் என்னைக் காட்டினார். "இவள் ஒருத்தருக்கு மகள், மற்றவருக்கு மருமகள். இவளில ஆர் குறை சொல்ல ஏலும்? மணிக்கூடும் வடிவாப் பார்ப்பாள்."

அது உண்மை. எங்கள் வகுப்பில் பிழையில்லாமல் நேரம் சொல்பவள் நான் ஒருத்திதான். கதிரையில் புத்தகக் கட்டு வைத்து என்னை அதன்மேல் இருத்தினார்கள். முன்னால் பள்ளிக்கூட மணிக்கூடு, கையில் பள்ளிக்கூடக் கைமணி. அன்றுபோல நிமிர்ந்து நான் கல்யாண மணவறையிலும் இருக்கவில்லை.

மாமா முதலில் பேசினார். இருட்டில் சனம் நடக்க ஒழுங்கைக்கு ஒழுங்கை லாம்பு போடுவேன் என்றார். பத்து நிமிடம் ஆனது. அடித்தேன். அவர் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தேன். "மருமகள், கை நோகப் போகுது, மணியை வை பிள்ளை," என்றார். சபை முழுக்கச் சிரித்தது. நான் மணியை வைத்துவிட்டேன். அவர் இன்னும் ஐந்தாறு நிமிடம் பேசி, கைதட்டு வாங்கிக்கொண்டுதான் கதிரையில் போய் இருந்தார்.

எனக்குக் காது சுட்டது. இனி இந்த மணிக்கு ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா அவசரமில்லாமல், ஆறுதலாகப் பேசுபவர். மதகு, பொதுக் கிணறு, மழைவெள்ளம் வடியும் வாய்க்கால் என்று ஒவ்வொன்றாக நடந்து வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். "கடைசியா ஒண்டு. எங்கட பெட்டைப் பிள்ளையளுக்கு…" என்று தொடங்கினார். முள் வந்து நின்றது. கையை வீசி அடித்தேன்.

"சொல்லி முடியுங்கோ அண்ணை!" என்று பின்வாங்கிலிருந்து யாரோ கத்தினார். மாமாவும், "பேசு மச்சான். உன்ர மகள்தானே, பொறுப்பாள்," என்றார்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். "மணி அடிச்சாச்சு," என்று சபையைக் கும்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார்.

மாமாவுக்கு நாலு கை கூடுதலாக உயர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாளும் எந்தப் பக்கம் என்று காட்டாதவர். "ஒரு நிமிசம் பொறுத்து அடிச்சால் உன்ர கை அழுகிப்போடுமோ?"

"அவளை விடு. அவள் சரியாத்தான் அடிச்சவள்," என்றார் அப்பா. எனக்கு அது போதும். அவர் பாதியில் விட்ட வசனம் என்ன என்று நான் கேட்கவேயில்லை.

மாமா தேர்தலிலும் வென்றார். இரண்டு லாம்பு வந்தது. ஒன்று அவர் வீட்டுப் படலைக்கு முன்னால். அடுத்த ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பை முடித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குமேல் வகுப்பில்லை. பெடியன்கள் சைக்கிளில் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போனார்கள். பெட்டைகளை வீட்டில் மறித்தார்கள். என்னை அனுப்ப அப்பா கேட்டுப் பார்த்தார். சொந்தத்தில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அப்பா செத்த முப்பத்தோராம் நாள் சடங்கன்றுதான் அம்மா சொன்னார். அதற்குள் எனக்கு மூன்று பிள்ளைகள். "அந்தக் கூட்டத்துக்கு முதல் கொப்பர் மாட்டுக்கொட்டிலுக்க நிண்டு பேசிப் பழகினவர். எங்கட பெட்டைப் பிள்ளையளுக்கு எங்கட பள்ளிக்கூடத்திலயே எட்டாம் வகுப்பு வரைக்கும் கொண்டு வருவன் எண்டு. முதல்லயே சொன்னால் சனம் எழும்பிப் போயிடும் எண்டு கடைசியா வைச்சவர்."

என் படிப்பை என் கையாலேயே அடித்து நிறுத்தினேனோ என்று கனகாலம் என்னையே நொந்துகொண்டேன். பிறகு அதை விட்டுவிட்டேன். அப்பா நினைத்திருந்தால் பேசியிருக்கலாம், சபையே பேசச் சொன்னது. மாமா கேலியாக்கிய மணியை அவரும் தாண்டிப் போயிருந்தால், அந்தக் கதிரையில் நான் ஒரு விளையாட்டுப் பிள்ளை. அவர் நிறுத்தியதால்தான் அது மணி. இது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. என் பிழை எது என்பதும் தெரியவில்லை. இன்றைக்கு அதே கதிரையில் இருத்தினாலும் அப்பாவுக்கு அதே நிமிடத்தில்தான் அடிப்பேன். ஆனால் மாமாவுக்கு அடிக்கிற மணியை, அவர் பேச்சை நிறுத்தும்வரை கீழே வைக்கமாட்டேன்.

எழுதி முடிக்க இரண்டு கிழமை பிடித்தது. பிள்ளை, இனி நீ இதை எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை கண்டால் திருத்து, கோபிக்கமாட்டேன். அப்பாவின் அந்தக் கடைசி வசனத்தில் மட்டும் கை வைக்காதே. அதை முழுதாக, சத்தமாக, நீ சொல்லி நான் கேட்க வேண்டும்.