பாட்டுக்கு நடுவே ஓர் இருமல்

ஜெர்மனியில் படிக்கும் என் மகள் வெள்ளிக்கிழமைகளில் எனக்கொரு பாட்டு அனுப்புவாள். அங்கே புதிதாகக் கிளம்பியிருக்கும் சின்னக் குழுக்களின் பாட்டுகள். கணினியில் உண்டாக்கிய தாளம், முணுமுணுக்கும் குரல். போன கிழமை தன் அறையில் ஓடிய பாட்டை ஃபோனில் பிடித்து அனுப்பியிருந்தாள். பின்னால் அவள் இருமுவது கேட்டது. கேட்டும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகுதான் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். இப்போது சுகம் என்கிறாள்.

எட்டு வயதில் இப்படி ஓர் இருமலைக் கேட்டிருக்கிறேன், இலங்கையில், கற்பிட்டியில் எங்கள் வீட்டில்.

வாப்பா அப்போது கப்பலில் வேலை செய்தார். கப்பல் பழுதாகி, ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரில் அறையெடுத்துத் தங்கியிருந்தார். வெளிநாட்டுக்குப் போனவர்கள் அந்த நாளில் ஒலிநாடாக் கெசட்டில் பேசி அனுப்புவார்கள். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவோம்.

அந்த முறை வந்த கெசட்டின் முதல் பக்கத்தில், "எனக்கு நல்ல சுகம், பெருநாளைக்கு வந்துருவன்" என்றார் வாப்பா. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, ரெக்கோர்டரைப் பார்த்து "இன்ஷா அல்லாஹ்" என்றார். மறுபக்கத்தில் என் அண்ணன் நானாவுக்காக, அறையிலிருந்த ரேடியோவுக்கு முன்னால் ரெக்கோர்டரை வைத்துப் பிடித்த பாட்டுகள்.

அப்படியொரு சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. இரும்புத் தொட்டியில் நீர் சொட்டுவது போல் தாளம். அரைத்தூக்கத்தில் பாடுகிற ஒரு பெண். கேட்டபோது உடம்பெல்லாம் சில்லிட்டது.

"இது பாட்டா? ஐஸ் ஃபெக்டரிக்குக் கரண்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் மாமா, உம்மாவின் தம்பி.

"அது மெஷின்ல வாசிக்கிறது, மாமா. புதுப் பாட்டு" என்றான் நானா.

"அப்ப அந்த மெஷினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லு."

நான்காவது பாட்டில் தாளம் சட்டென்று நிற்கும். அந்த இடைவெளியில் ஓர் ஆண் இரண்டு தரம் இருமுவார். பிறகு தாளம் திரும்பவும் விழும். அதுவும் பாட்டில் ஒரு பங்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். முற்றத்தில் ஆடும்போது அந்த இடத்தில் நின்று இருமிவிட்டுத்தான் தொடர்வோம்.

"அந்த இடத்த மட்டும் செய்யாதீங்க" என்று உம்மா ஒருநாள் அதட்டினார்.

ரேடியோவில் பாட்டு வந்தால் மூடச் சொல்கிற உம்மா, அந்தக் கெசட்டை மட்டும் தானே போட்டுக் கேட்டார். அஸர் தொழுதுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு, காதை ரெக்கோர்டரோடு ஒட்டிக்கொண்டு, நான்காவது பாட்டை ஓடவிடுவார். பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிடுவார். "உம்மாவுக்கும் பிடிச்சிட்டு" என்று நானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பதில் பேச மாமா அந்தக் கெசட்டை எடுத்தபோது உம்மா விடவில்லை. கடையிலிருந்து புதுக் கெசட் வாங்கிவரச் சொன்னார். எங்கள் பாட்டுகள் தப்பின என்று நான் துள்ளினேன்.

புதுக் கெசட்டில் பதில் பேசும்போது முதலில் பேசும் முறை எனக்கு. "வாப்பா, நாலாவது பாட்டுத்தான் எனக்கு ஆக விருப்பம். அந்த இருமுற பாட்டு. அது மாதிரி இன்னும் நிறையப் பிடிச்சு அனுப்புங்க."

சிரிக்க வாயெடுத்த மாமா, உம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கினார். உம்மா ரெக்கோர்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேட்டீங்களா? புள்ளைக்கும் கேட்டிருக்கு. இனி மறைக்காதீங்க. வேலை போனாப் போகட்டும், வந்திருங்க."

உம்மாவும் என் பாட்டுக்காகத்தான் பேசுகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பெருநாளுக்கு முன்பே வாப்பா வந்துவிட்டார். சட்டை அவருக்குப் பெரிதாகியிருந்தது. பெட்டியில் புதுக் கெசட் எதுவும் இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள்ளிருந்து அந்த இருமல் வந்தது. இரண்டு தரம். நாலாவது பாட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று ஓடினேன். ரெக்கோர்டர் அலுமாரிக்கு மேல் உறை போட்டபடியே இருந்தது. கட்டிலில் வாப்பா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

தாளம் தொடங்கட்டும் என்று நான் வாசற்படியிலேயே காத்துக்கொண்டு நின்றேன்.