போணிக்கு முன் நான்கு மாத்திரை

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி இனி யாராவது எனக்கு யோசனை சொன்னால் அடித்துவிடுவேன். வீங்கிய என் கன்னத்தைப் பார்த்து, "நல்லா பூசினாப்ல ஆயிட்டீங்களே" என்கிறவர்களுக்கும் அதே மரியாதைதான்.

இடது கண்ணுக்குள் அழற்சி. விட்டால் பார்வை போய்விடும் என்று கண் டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். காலையில் எட்டு மாத்திரை, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். "நல்லா சாப்பிட்டுட்டுப் போடுங்க. என்ன ஆனாலும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் எங்கள் கடையில் சாப்பிட முடியாது. தி. நகரில் அண்ணனும் நானும் நடத்தும் சேலைக்கடை அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா ஆரம்பித்தது. கல்லாவில் உட்காருகிறவன் முதல் சேலை விற்றுப் போணி ஆகும்வரை வீட்டில்கூடக் கை நனைக்கக் கூடாது என்பது அவர் வைத்துவிட்டுப் போன சட்டம். காப்பி மட்டும் குடிக்கலாம். பசியோடு உட்கார்ந்தால்தான் லட்சுமி இரங்குவாளாம். டாக்டர் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன்.

"அப்பா ஒரு நாளாவது மீறியிருக்காவளா? ஒனக்கு மட்டும் என்னல தனிச் சட்டம்?" என்றான்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அது முகூர்த்தமில்லாத மாதம். போணி ஆகவே மதியம் ஆகிவிடும். நான் பத்து மணிக்கு மாத்திரைகளைக் காப்பியோடு விழுங்குவேன். மனைவி கட்டிக் கொடுத்த இட்லி பக்கத்திலேயே டப்பாவில் கிடக்கும். வயிற்றுக்குள் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். சேலையை விரிக்கக் குனிந்தால் புளிப்பு தொண்டைவரை ஏறும். ஒருநாள் காலையில் கடைக்குப் போகும் வழியில் தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டி ஆட்டோவை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன்.

"இன்னா சார், காலைலயே ஊத்திக்கினியா?" என்றார் டிரைவர்.

நான்கு மாத்திரைக்கு இறங்கியிருந்த வாரத்தில் பொறுக்க முடியாமல் மொத்தமாக நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளில் வயிறு அடங்கியது. டாக்டரை விட எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வேறு.

ஐந்தாம் நாள் மயிலாப்பூரிலிருந்து வழக்கமாக வரும் மாமி அரக்குப் புடவை கேட்டார். வலது கண்ணில் ஏதோ தூசி. கசக்கிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டேன்.

"அரக்கு கேட்டா காப்பிப்பொடிக் கலரை எடுத்துப் போடறேளே?" என்றார் மாமி.

நிமிர்ந்தேன். திறந்திருந்தது இடது கண் மட்டும்தான். அதில் மாமியின் முகம் தெரியவில்லை, வெறும் புகை தெரிந்தது.

அன்றே ஓடினேன். டாக்டரம்மா திட்டிய திட்டில் ஒரு சொல்லும் அநியாயமில்லை. "மறுபடி எட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும். போன பார்வை முழுசா திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். வயிற்றுக்குத் தனியாக ஒரு மாத்திரையும் எழுதினார்.

இனி சாப்பிட்டுவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவேன் என்று அண்ணனிடம் சொல்ல, மறுநாள் காலையில் கோபாலபுரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். கோட்டூர்புரத்திலிருந்து வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அண்ணன் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கடைக்குக் கிளம்பத் தயாராகச் சாப்பாட்டு மேசையில் இருந்தான். தட்டில் நான்கு இட்லி, பொடி, எண்ணெய். வாயில் பாதி.

என்னைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கினான்.

"எனக்குச் சுகர்லாடே. மாத்திர போடணும். வெறும் வயித்துல போடக் கூடாதுல்லா?"

"எத்தன வருசமா?"

அண்ணிதான் சமையலறையிலிருந்து, "அது ஆச்சு ஆறு வருசம். வாங்க தம்பி, ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்றாள்.

நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து, "நாலு வையுங்க அண்ணி" என்றேன். தின்று முடித்து, பையிலிருந்த எட்டையும் எண்ணி விழுங்கினேன். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தேன். விபூதி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.